பதினேழாம் மனை

களையிழந்த தெரு என்றார்கள்.
போய்ப் பார்த்தேன்.
களை மட்டும்தான் இருந்தது,
இடுப்பளவு, சில இடங்களில் என் உயரம்.

கிளீவ்லாந்தின் கிழக்கில் ஹார்லன் தெரு.
பழைய வரைபடத்தில் நாற்பத்தொரு வீடுகள்.
இப்போது பதினொன்று.
மற்றவை எண்கள்.
ஒன்று முதல் இருபது வரை எனக்கும் மிரேயாவுக்கும்.

பிளாஸ்டிக் குழாயில் செய்த ஒரு மீட்டர் சதுரம்,
கிளிப் அட்டை, பென்சில், உண்ணி கடிக்காமலிருக்க மருந்து.
சதுரத்தை நினைத்த இடத்தில் வைக்கக் கூடாது,
கணினி சொல்லும் இடத்தில்தான்.
ஒருமுறை அது
யாரோ எறிந்த மெத்தையின் மேல் வைக்கச் சொன்னது.
வைத்தோம்.
மெத்தையில் மூன்று குளோவர், ஒரு புல்.

"புல் எண்ணுகிறேன்" என்றேன் அம்மாவிடம், தொலைபேசியில்.
"அதற்குச் சம்பளமா?"
வாரம் அறுநூறு டாலர் என்றதும்
"நன்றாக எண்ணு" என்றாள்.

ஒன்பதாம் மனையில்
ஒரே கோட்டில் ஐரிஸ், பதினாறு தண்டு.
விதை கோடு போட்டு விழாது.
படிவத்தில் இருப்பதோ இரண்டே கட்டம்:
நட்டது. தானாய் வந்தது.
நட்ட கை இல்லை, வாசல் இல்லை,
வாசலுக்குப் போன படியில் பாதி இருக்கிறது.
இத்தனை வருடம் யார் தண்ணீர் விட்டார்கள்?
இரண்டு கட்டத்துக்கும் நடுவில் குறியிட்டேன்.
மிரேயா அழித்துவிட்டு 'நட்டது' என்று போட்டாள்.
அன்று மதியம்
ஒரே மர நிழலில் தனித்தனியாகச் சாப்பிட்டோம்.

பதினேழு என் செல்லம்.
முப்பத்தோரு சிற்றினம், வேறெந்த மனையிலும் இவ்வளவு இல்லை.
நான்கு மூலைக்கும் நானே
ஆரஞ்சு வண்ணம் பூசிக் குச்சி நட்டிருந்தேன்.

ஜூலை முப்பது, கடைசி அளவெடுப்பு.
தெருமுனையிலேயே அந்த வாசனை,
அப்போதுதான் வெட்டிய பச்சை.
பதினேழை மொட்டையடித்திருந்தார்கள்.
என் குச்சிகளைச் சுற்றி மட்டும்
இயந்திரம் பதமாக வளைந்து போயிருந்தது.

எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன்,
தட்டினேன் என்பது மரியாதைக்கு.
வெர்னல், எழுபத்தாறாம் பேருந்து ஓட்டுகிறவர்,
சீருடையில், வாயில் பல்துலக்கியோடு.
அவருக்குப் பின்னால் சோபாவில் ஒரு சிறுமி.
மூக்கையும் வாயையும் மூடிய முகமூடி,
காலடியில் உறுமும் மூச்சு மருந்துப் பெட்டி.
"மாநகராட்சிக்குப் பன்னிரண்டு முறை போன் செய்தேன்.
ஆகஸ்ட் வந்தால் இவளுக்கு முட்டும்,
அந்த உயரமான சனியனால்."

அந்தச் சனியனை எனக்குத் தெரியும்.
ராக்வீட். பேரினம், சிற்றினம்,
சதுர மீட்டருக்கு நாற்பத்திரண்டு தண்டு,
மகரந்தம் கிளம்பும் வாரம்.
எட்டு வாரம் அவர் வாசலுக்கு எதிரே குந்தியிருந்து
அதைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

"குச்சியைத் தொடவில்லை," என்றார்.
"அதுதான் உன்னுடையது என்று நினைத்தேன்."

குறிப்புக் கட்டத்தில் எழுதினேன்: வெட்டப்பட்டது.
ஆய்வகத்திலிருந்து மின்னஞ்சல், ஒரே வரி:
பதினேழைக் கணக்கிலிருந்து நீக்கவும்.
சுவரொட்டியில் பத்தொன்பது மனைகள்,
அழகான வளைகோடு.
ஒருவரும் இருபதாவதைக் கேட்கவில்லை.

ஆகஸ்ட் இரண்டாம் வாரம், ஊருக்குக் கிளம்பும் நாள்,
சதுரம் இல்லாமல் போனேன்.
சிக்கரி, ஒரு சாண்கூட இல்லை,
பிளேடு எட்டாத உயரத்தில்
நீலமாய்ப் பூத்துக் கிடந்தது.
பக்கத்தில் ராக்வீட்,
அதே உயரத்தில், மொட்டோடு.
வெட்டினால் சாகாது. குனிந்துகொள்ளும்.

கதவு திறக்கவில்லை, பேருந்தில் இருப்பார்.
வெற்றுப் படிவம் ஒன்றின் பின்பக்கம்
பென்சிலால் எழுதிக் கதவிடுக்கில் செருகினேன்:
இன்னொரு முறை வெட்டுங்கள், இந்த வாரமே.
இன்னும் தாழ்வாக.
நீலப் பூ ஒன்றும் செய்யாது.

பெயர் போடும் இடத்தில்
என்ன எழுதுவதென்று தெரியாமல்
குச்சிக்காரி என்று எழுதினேன்.